ஆஸ்பத்திரி வார்டில் நான் மாற்றிச் சொன்ன பதில்

இதை எழுத வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்து, மூன்று வருடமாகத் தள்ளிப் போட்டேன். இரண்டு முறை நோட்டில் எழுதிக் கிழித்தும் போட்டேன். பத்திரிகையில் இந்த மாதிரி வாசகர் பகுதிக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யாரோ தங்களுக்குச் செய்த உதவியை எழுதுகிறார்கள். நான் எழுதப் போவது நான் செய்த கெடுதலை. பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா அடங்கி, தொழிற்சாலைகள் பழையபடி ஓட ஆரம்பித்த சமயம். நான் அப்போது மலேசியாவில், இரும்புத் தகடுகளை அழுத்திப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். அதற்கு முன் ஓசூரில் பதினோரு வருடம் இதே பிரஸ் வேலைதான். மூக்கண்டப்பள்ளியில் இரண்டு சென்ட் இடத்தில் வீடு கட்ட ஆரம்பித்து, சுவர் எழும்பி, மேல்தளம் போட முடியாமல் நின்றது. மழைக்காலத்தில் உள்ளே கோரைப் புல் முளைத்தது. அந்தத் தளத்துக்காகத்தான் கடல் தாண்டிப் போனேன்.

அங்கே என்னோடு ஒரே விடுதியில் இருந்தவர் ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தக்காளி போட்டு, விலை இல்லாமல் இரண்டு பருவம் தொடர்ந்து ரோட்டோரம் கொட்டிவிட்டு, மனசு வெறுத்து வந்தவர். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பாஷை ஒரு பெரிய விஷயமே இல்லை. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு என்று பேசி வளர்ந்தவர்கள். அதனால் மலாய் மொழியும் எனக்கு ஒரு வருடத்தில் வந்துவிட்டது. கம்பெனியில் தமிழ் ஆட்களுக்கு எது சொல்ல வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விடுதியில் பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

“ஏம்பா ஓசூரு, வாயைத் தொற, உள்ள எத்தினி நாக்கு இருக்குதுன்னு எண்ணிப் பாக்கலாம்.”

எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். முருகன் கொடுத்த வரம் என்று நினைத்துக்கொள்வேன். பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்த முருகன் படத்துக்குத் தினமும் விபூதி வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அரசாங்கக் காப்பீடு உண்டு. நம் ஊரில் ஈ.எஸ்.ஐ. என்கிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரி. வேலையில் அடிபட்டால் வைத்தியம் முழுக்க அவர்கள் பொறுப்பு. கை கால் போனால் ஆயுசு வரைக்கும் பென்ஷன். நாம் ஊருக்குத் திரும்பிவிட்டாலும் இங்கே நம் பேங்க்குக்கு அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்த விவரக் காகிதம் வந்தபோது, விடுதிச் சமையலறையில் எல்லோரையும் உட்கார வைத்துத் தமிழில் படித்துச் சொன்னவனே நான்தான். அந்த ராயக்கோட்டை நண்பர் அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை.

ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி, டீ குடித்துவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. எனக்கு இரண்டு மெஷின் தள்ளி அந்த நண்பர் நின்றிருந்தார். கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காமல் நிற்பதற்கு மெஷினில் ஒரு சென்சார் இருக்கும். அது அடிக்கடி நிறுத்தினால் கணக்குப்படி உருப்படி வராது என்று அதை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். அன்றைக்கும் அணைத்துத்தான் இருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினேன். வலது கையில் நடு மூன்று விரல்கள் போய்விட்டன. என் சட்டையைக் கழற்றிச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதுவரைக்கும் நான் செய்தது சரிதான். அதற்குப் பிறகுதான் தப்பு.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் விடுதிப் பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சென்சார் அணைத்திருந்தது வெளியே தெரிந்தால் அதிகாரிகள் வருவார்கள், லைனை மூடுவார்கள், வெளிநாட்டு ஆட்கள் நாற்பது பேரின் பெர்மிட்டும் புதுப்பிக்காமல் நின்றுபோகும் என்றார். புதன்கிழமை அவருக்கு லீவு, விடுதிக்குப் பின்னால் புல் வெட்டும் மெஷினில் கையை விட்டுவிட்டார் என்று காகிதம் தயார் செய்திருக்கிறோம், ஆஸ்பத்திரிச் செலவும் டிக்கெட்டும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். கடைசியில், போகிற போக்கில் சொல்வது போல, உன் பெர்மிட்டும் அடுத்த மாதம் முடிகிறது இல்லையா என்று கேட்டார்.

நாற்பது பேர் பிழைப்புக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் கண் முன்னால் வந்தது நாற்பது பேர் அல்ல. புல் முளைத்த என் வீடுதான்.

இரண்டு நாள் கழித்து, காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வார்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்திருந்ததாம். தலையில் முக்காடு, கையில் ஃபைல், நாற்பது வயது இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் நண்பரின் பெயரை நிதானமாக, ஓர் எழுத்தும் தப்பாமல் சொல்லி விசாரித்தார். நண்பருக்கு மலாய் வராது என்று மொழிபெயர்க்கக் கம்பெனி என்னைத்தான் அனுப்பியிருந்தது. என்னிடம், எங்கே, எப்போது நடந்தது என்று இவரைக் கேளுங்கள் என்றார்.

கேட்டேன். நண்பர் சொன்னார்: “மெஷின்லதாண்ணா. புதங்கெழமை காலைல பத்து மணிக்கு. நீதான தூக்கினு வந்த, உனக்குத் தெரியாதா?”

நான் அந்த அம்மாவைப் பார்த்து, லீவு நாளில், விடுதிக்குப் பின்னால், புல் வெட்டும் மெஷினில் என்று மலாயில் சொன்னேன்.

அவர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இவர் சொன்னது இதுதானா, நிச்சயமா, மறுபடி ஒருமுறை கேளுங்கள் என்று நண்பரின் முகத்தைப் பார்த்தபடி சொன்னார்.

நண்பர் என் பக்கம் திரும்பி, “என்னாண்ணா கேக்கறாங்க?” என்றார்.

“வலி இருக்குதான்னு கேக்கறாங்க” என்றேன்.

அவர் அந்த அம்மாவைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினார். அந்த அம்மா குனிந்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, இது வேலையில் நடந்ததாக இருந்தால் கைக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கே நாங்கள் அனுப்பியிருப்போம் என்று வருத்தத்தோடு சொன்னார். நான் அதை நண்பரிடம் சொல்லவில்லை. அந்த அம்மா நீட்டிய காகிதத்தில் நண்பர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அந்த அம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிட நினைத்து, ஒரு கையை மட்டும் நெஞ்சுக்கு நேராக வைத்தார்.

அன்றைக்கு விடுதிக்கு வந்து பெட்டியைத் திறந்து முருகனைக் கும்பிட்டேன். எப்படிக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த மாதம் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நீ இல்லன்னா நான் செத்திருப்பேன்ணா என்று அழுதார். என் பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது. ஒரு வருடம் கழித்து நானும் திரும்பி வந்தேன். வீட்டுக்குத் தளம் போட்டேன். ஓசூரில் பழையபடி வேலைக்குச் சேர்ந்தேன்.

நான் வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் நண்பரின் மனைவி பஸ் கண்டக்டரிடம் சொல்லி ஒரு பை தக்காளி அனுப்பினார். எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தின அண்ணனுக்கு என்று போனில் சொன்னார். ஒவ்வொரு பறிப்புக்கும் வரும். நான் ஒன்றுகூட எடுக்காமல் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன். என் மனைவி, “ஏங்க, ஊருக்கெல்லாம் கொடுக்கறீங்க, நம்ம வீட்டு ரசத்துக்கு நான் கடையில வாங்கறேன். என்ன நியாயம் இது?” என்று சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன்.

ஒரு நாள் நண்பரின் மனைவி, அந்தத் தங்கச்சியே நேரில் வந்துவிட்டார். குருபரப்பள்ளிப் பக்கத்தில் ஒருவருக்கு அதே நாட்டில் வேலையில் கால் போனதாம். கிருஷ்ணகிரி பேங்க்கில் மாதாமாதம் அவருக்குப் பென்ஷன் வருகிறதாம். செயற்கைக் காலும் அவர்களே வைத்துக் கொடுத்தார்களாம். தக்காளி மண்டியில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, காப்பீட்டு அட்டை எல்லாம் மடங்காமல் வைத்திருந்தார்.

“அண்ணா, உங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியும். எங்களுக்கும் கெடைக்குமான்னு ஒரு லெட்டர் எழுதிக் கேளுங்க. அவரு கையை வெச்சுக்கினு ஒரு முடிச்சுப் போட முடியலண்ணா. செடிக்குக் குச்சி நட்டுக் கட்டறதெல்லாம் நான்தான். குளுரு வந்துட்டா வலியில உக்காந்துடறாரு.”

“அதுக்கென்னம்மா, இவரு எழுதிக் குடுப்பாரு” என்று எனக்கு முன்னால் என் மனைவி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கவரை வாங்கிக்கொண்டேன். என்ன என்று எழுதுவது? உண்மையை எழுதினால், அன்றைக்கு மாற்றிச் சொன்னவன் நான் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் பென்ஷன் கிடைக்காது. நல்ல நாள் பார்த்து எழுதலாம் என்று சொல்லி, கவரைப் பூஜை அலமாரியில் சாமி படங்களுக்குப் பின்னால் வைத்தேன். வளர்பிறை போயிற்று, தேய்பிறை போயிற்று. ஆடி என்றேன், மார்கழி என்றேன். அந்தத் தங்கச்சி மாதம் ஒரு முறை போன் செய்து, “அண்ணா, பதில் வந்துச்சா?” என்று கேட்பார். ஒரு நாள் வாய் கூசாமல், எழுதிப் போட்டுவிட்டேன், அவர்கள்தான் பதில் போடவில்லை என்றேன். முதல் பொய்யாவது பயத்தில் சொன்னது. இந்த இரண்டாவது பொய்க்கு என்னால் ஒரு காரணமும் சொல்ல முடியாது. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஆயுத பூஜைக்கு அலமாரியைத் துடைத்தபோது என் மனைவி அந்தக் கவரை எடுத்தாள். ஹாலில் நாற்காலியில் இருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

“எழுதிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே?”

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் முதல் முறையாக வாய் திறந்து சொன்னேன். கடைசி வரை கேட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி மேலே தளத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சாமிக்குப் பின்னாடி வெச்சா, சாமிக்குத் தெரியாதுன்னு வெச்சீங்களா?” என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. “நாளைக்கு மொத பஸ்ஸுல போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வீட்டுக்கு வராதீங்க.”

போனேன். ராயக்கோட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், வரப்பில் நடந்தேன். நண்பர் தோட்டத்தில் இருந்தார். இடது கையால் செடியை அணைத்துப் பிடித்து, சணலைப் பல்லில் கடித்து இழுத்துக் குச்சியோடு கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த சணலைத் துப்பிவிட்டு, “வாண்ணா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற” என்று சிரித்தார். மனைவியும் அடுத்த சாலிலிருந்து வந்தார்.

உட்காராமலே சொன்னேன். நின்றால்தான் சொல்ல முடியும் போல இருந்தது. வார்டில் நடந்தது, பெர்மிட், பூஜை அலமாரி எல்லாம் சொன்னேன்.

அடிப்பார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் அடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தம்மா ரெண்டாவது வாட்டி என்னவோ கேட்டாங்களே. அது வலியப் பத்தி இல்லியா?”

“இல்லப்பா. நீ சொன்னது இதுதானா, நிச்சயமான்னு கேட்டாங்க.”

“நான் ஆமான்னு தலையாட்டினேன்” என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அவருக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. “அவங்க என் மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டாங்க. நானே ஆமான்னுட்டேன்.”

குனிந்து மறுபடி சணலை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

அந்தத் தங்கச்சி வீட்டுக்குள் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார். அவ்வளவுதான். எப்போதும் வார்த்தைக்கு வார்த்தை வரும் அண்ணா அதில் இல்லை. அதை நான் கவனித்தேன் என்று அவருக்கும் தெரிந்தது. தக்காளிப் பை அதோடு நின்றது.

மறுநாளே கிருஷ்ணகிரிக்குப் போய், நோட்டரி வக்கீலிடம் என் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் எழுதினேன். நான் பொய் சொன்னேன், அவர் சொன்னது இன்னது என்று மலாயிலும் எழுதி இணைத்து, இன்டர்நெட் சென்டரிலிருந்து அந்த அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் போனபோது அங்கே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைத்தடி. குருபரப்பள்ளிக்காரர், பென்ஷன் வாங்குகிறவர் அவர்தான். அவருக்கும் அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். எதற்கு வரவழைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் நண்பர் அவரைத் திரும்பிப் பார்ப்பார். அவர், “சரியாத்தான் சொல்றாரு” என்பார். பிறகுதான் அடுத்த வரிக்குப் போவேன். எனக்குக் கோபம் வரவில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பதிலில் இருந்தது இதுதான். தொழிலாளியே அதிகாரி முன்னால் கொடுத்து, உறுதி செய்து, கையெழுத்திட்ட வாக்குமூலம் ஃபைலில் இருக்கிறது. அதை மாற்ற என் பத்திரம் மட்டும் போதாது. கம்பெனியின் அன்றைய வேலைப் பதிவேடும், உடன் இருந்த வேறு சாட்சிகளும் வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனி எட்டு மாதத்துக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது, பதிவேடுகள் கிடைக்கவில்லை.

எட்டு மாதம். கவர் என் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்த காலம் அது. அந்தத் தங்கச்சி வந்த வாரமே நான் எழுதியிருந்தால் கம்பெனி இருந்திருக்கும். விடுதிப் பையன்களும் அங்கேயே இருந்திருப்பார்கள். இதை நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அந்தத் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் அதே கணக்கைப் போட்டுவிட்டார்.

கைத்தடிக்காரர் எழுந்து போகும்போது என்னிடம், “மேல்முறையீடு பண்ணலாம்னு கீழ எழுதி இருக்குது பாரு, விட்றாத” என்றார். விடவில்லை. அப்போது எங்களோடு இருந்த நாற்பது பேரில் இதுவரை பதினோரு பேரைத் தேடிப் பிடித்திருக்கிறேன். ஒருவர் நேபாளத்தில் இருக்கிறார், ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம், ஒருவர் துபாயில். இரண்டு பேர் எழுதித் தர ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு, அன்றைக்கு எனக்கு இருந்த அதே பயம். அவர்களை நான் எந்த வாயால் குறை சொல்வது? கிடைக்குமா கிடைக்காதா என்று இன்றைக்கும் தெரியாது. குளிர் வந்தால் அவர் கை வலிக்கிறது என்பது மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். எனக்காக எதுவும் வேண்டிக்கொள்வதில்லை. மன்னிப்புக்கூடக் கேட்பதில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் ராயக்கோட்டைப் பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டத்தில் இருக்கிறார், அவரைத் தாண்டிப் போய்ச் சாமியிடம் வாங்கிக்கொள்வது நியாயமில்லை என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாட்டு வேலைக்குப் போனால், காப்பீட்டு அட்டையின் நகல் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டால் அன்றைக்கே, தன் வாயால், எங்கே எப்படி என்று வீட்டுக்குப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். விசாரணைக்கு அதிகாரி வந்தால், கம்பெனி ஆள் மொழிபெயர்க்க வேண்டாம், வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கூட இருக்கிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், தினமும் விபூதி பூசுகிறவனாக இருந்தாலும் கேட்கச் சொல்லுங்கள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் நல்லது. ஆனால் சொல்லும்போது, பாவம், அவனுக்கும் குடும்பம் இருந்தது, அவன் என்ன செய்வான் என்று எனக்காக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம்; எனக்கு வலிக்குமே என்று ஒரு வார்த்தையும் எடுத்துவிட வேண்டாம். நான் எழுதியதை எழுதியபடியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.